வாக்குக் கேட்டு வரும் வழக்குத் தொடுநர்

யார் மீது வழக்குத் தொடுப்பது, தொடுத்த வழக்கை எப்போது கைவிடுவது என்பதை மலேசியாவில் முடிவு செய்பவர் சட்டத்துறைத் தலைவர். பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் அவரை நியமிக்கிறார். அமெரிக்காவிலோ 43 மாநிலங்களில் இந்தப் பதவிக்குத் தேர்தல் நடக்கிறது. அந்த முறை நமக்கும் வேண்டுமா?

சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 2010இல் கலிபோர்னியாவில் இப்பதவிக்குப் போட்டியிட்டார். அவரை எதிர்த்தவர் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத் தலைமை வழக்கறிஞர் ஸ்டீவ் கூலி. விவாத மேடையில், ஓய்வூதியம், புதுப் பதவியின் சம்பளம் இரண்டையும் வாங்கிக்கொள்வீர்களா என்று கூலியிடம் கேட்டார்கள். வாங்குவேன், அது உழைத்துச் சேர்த்தது என்றார் அவர். ஹாரிஸ் அந்தப் பதிலையே விளம்பரமாக்கினார். மூன்று வாரம் வாக்குகளை எண்ணிய பிறகு, ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். அதிகாரத்துக்கு வரப்போகிறவரை முன்கூட்டியே நிறுத்திக் கேள்வி கேட்க முடிவது இந்த முறையின் பெரும் பலம். நாம் அப்படி யாரையும் கேட்டதில்லை.

ஆனால் அதே பிரசாரத்தின் மறுபக்கம் கவலை தருவது. 2004இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக்கொல்லப்பட்டபோது, மாவட்டத் தலைமை வழக்கறிஞராக இருந்த ஹாரிஸ் மரணதண்டனை கோரவில்லை. 2010இல் அந்த முடிவே அவருக்கு எதிரான ஆயுதமாயிற்று. சொந்தக் கருத்து வேறானாலும் மரணதண்டனைச் சட்டத்தை நிறைவேற்றுவேன் என்று அவர் வாக்குறுதி கொடுக்க வேண்டியிருந்தது. 2014இல் அத்தண்டனை அரசமைப்புக்கு முரணானது என்று ஒரு நீதிபதி தீர்ப்பளித்ததும், மேல்முறையீடு செய்தவர் அவரே. பணமும் சேர்ந்துகொள்கிறது. டோனல்ட் டிரம்ப் 2011இலும் 2013இலும் அவருடைய தேர்தல் நிதிக்கு மொத்தம் 6,000 டாலர் கொடுத்தார். டிரம்ப் பல்கலைக்கழகத்தின் மீது நியூயார்க் வழக்குப் போட்டது, கலிபோர்னியா போடவில்லை. நன்கொடைக்கும் வழக்குப் போடாததற்கும் தொடர்பு உண்டென்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் சந்தேகம் எழ இடமிருப்பதே அந்தப் பதவிக்குக் கேடு.

இனி நம் கதைக்கு வருவோம். 2019 அக்டோபரில் இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட 12 பேர், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று, பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டத்தில் கைதானார்கள். 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் அந்த வழக்குகளைக் கைவிட்டார். கைப்பேசியில் புலிகளின் தலைவர் பிரபாகரன் படம் வைத்திருப்பதால் ஒருவர் பயங்கரவாதி ஆகிவிட மாட்டார் என்று காரணமும் சொன்னார். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்க வேண்டியவர், இந்தியர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லாத நாட்டில், இதைத் துணிந்து செய்திருப்பாரா? செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். சிறுபான்மையினருக்குத் தேர்தல் முறை ஆபத்தானது என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு வழக்கே போதும்.

நியமன முறை நம்மைக் காத்துவிடும் என்பதும் இல்லை. 2007இல் பத்துமலையில் போலீஸாரோடு நடந்த மோதலுக்காக 31 பேர் மீது கொலை முயற்சிக் குற்றம் சாட்டி, சில வாரங்களில் அதைத் திரும்பப் பெற்றதும் நியமனம் பெற்ற சட்டத்துறைத் தலைவரின் அலுவலகம்தான். 2015இல் அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி மீதான விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே சட்டத்துறைத் தலைவர் கனி பட்டேல் பதவியிழந்தார். அவருக்குப் பின் வந்த அபாண்டி அலி, 2016 ஜனவரியில் பிரதமர் நஜிப் குற்றம் எதுவும் செய்யவில்லை என்று அறிவித்தார். 2023 செப்டம்பரில் துணைப் பிரதமர் ஸாஹிட் மீதான 47 குற்றச்சாட்டுகளும் அரசுத் தரப்பின் வேண்டுகோளால் நின்றுபோயின. பிரதமர் வைத்தவரைப் பிரதமரே எடுக்கலாம் என்றிருக்கும்வரை இப்படித்தான் நடக்கும்.

எனவே அமெரிக்காவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வாக்குச்சீட்டை அல்ல, அந்த விவாத மேடையை. அரசின் சட்ட ஆலோசகரும் வழக்குத் தொடுப்பவரும் ஒருவராகவே இருக்கக்கூடாது. வழக்குத் தொடுப்பவரை நியமிக்கும் முன் நாடாளுமன்றக் குழு பகிரங்கமாக விசாரிக்க வேண்டும், நீதிபதியைப் போல அவருக்கும் பதவிப் பாதுகாப்பு வேண்டும், கைவிடும் வழக்குக்கு அவர் எழுத்தில் காரணம் தர வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாக்குக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளர்களிடம், இதற்கு ஆதரவு தருவீர்களா என்று கேளுங்கள்.