விரல் பட்ட தாள்

தாள் நிறப்பிரிகைச் சோதனைக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது, "தாளை ஓரத்தில் பிடி, நடுவில் கை வைக்காதே" என்பதுதான். சொன்னாலும் யாராவது ஒருவர் வைத்துவிடுவார். நின்ஹைட்ரின் தெளித்துச் சூடு காட்டியதும் அமினோ அமிலப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் அவருடைய விரல்ரேகையும் ஊதா நிறத்தில் எழும்பி நிற்கும். வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டே! உயிரின் தோற்றத்தை ஆராயும் பள்ளிகளைப் பற்றி இந்த மலருக்கு எழுத உட்கார்ந்தபோது அந்த ரேகைதான் கண்முன் வந்தது. அந்தப் பள்ளிகள் போடும் சண்டைகளுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: குடுவையில் விளைந்தது தானாக விளைந்ததா, செய்தவர் கைபட்டு விளைந்ததா?

மூத்த பள்ளி 'சூப்பு'ப் பள்ளி. ரஷ்யாவில் ஓபாரின் 1924இலும், இங்கிலாந்தில் ஹால்டேன் 1929இலும் தனித்தனியே எழுதிய கருத்து அது: ஆக்சிஜன் இல்லாத ஆதி பூமியில் கரிமப் பொருள்கள் திரண்டு கடலே ஒரு நீர்த்த கஞ்சியாக இருந்திருக்கும். ஹால்டேன் பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்து 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். ஆனால் கருத்துக்குக் குடுவை வந்தது சிகாகோவில். ஹெரால்ட் யூரியின் மாணவர் ஸ்டான்லி மில்லருக்கு அப்போது 22 வயது. கீழே நீர் கொதிக்கும் சிறு குடுவை. மேலே ஐந்து லிட்டர் குடுவையில் மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன். நடுவே ஓயாமல் மின்பொறி. முதல் நாளிலேயே நீர் இளஞ்சிவப்பானது. வாரக் கடைசியில் கலங்கிய செஞ்சாறு. தாளில் இழுத்துப் பார்த்தால் கிளைசின், அலனின். 1953 மே மாதம் கட்டுரை வெளிவந்தபோது யூரி தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை; போட்டால் பெருமை முழுவதும் தனக்கே வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். வெளியிலிருந்து எதுவும் புகவில்லை என்று காட்ட வேண்டும் என்ற முதல் அளவுகோலை இந்த மரபுக்கு வைத்தது மில்லரின் சோதனைதான் என்பேன். கிருமி புகுந்து செய்த வேலையாக இருக்குமோ என்று கேட்பவர்களுக்காக மில்லர் மூடிய கருவியையே பல மணி நேரம் உயர்வெப்பத்தில் வைத்துக் கிருமிநீக்கம் செய்தும் ஓட்டிப் பார்த்தார்.

விரல்ரேகைக் கேள்வி நேருக்கு நேர் வந்தது 1969 செப்டம்பரில், ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் ஊரில் விழுந்த விண்கல்லோடு. அதில் அமினோ அமிலம் இருப்பதாக 1970இல் அறிவித்த நாசா குழுவில் முக்கியமானவர் சிரில் பொன்னம்பெரும. இலங்கையின் காலியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தது தத்துவம்! பிறகுதான் வேதியியல். எடுத்தவர்களின் கை அழுக்கு கல்லில் ஏறியிருக்காதா? இல்லை என்று காட்ட நாசா குழுவுக்கு உதவியது மூலக்கூறின் இடம்வலம். நம் உடம்புப் புரதங்களில் இருப்பவை இடக்கை அமினோ அமிலங்கள் மட்டுமே. கல்லில் இடமும் வலமும் ஏறக்குறைய சமமாக இருந்தன. நம் புரதங்களில் இல்லாத வகைகளும் இருந்தன. இதைவிட அழகான வாதத்தை இந்தத் துறையில் நான் கண்டதில்லை.

அமினோ அமிலம் இருந்தால் உயிராகிவிடுமா? செங்கல் குவியல் வீடாகாது என்று சொன்னது ஆர்.என்.ஏ. பள்ளி. தன்னைப் படியெடுக்க வேண்டும், படியில் பிழை வர வேண்டும், பிழைகளில் தேறியது நிலைக்க வேண்டும் என்பது இவர்கள் அளவுகோல். 1967இல் ஸ்பீகல்மன் ஒரு வைரசின் ஆர்.என்.ஏ.வைச் சோதனைக் குழாயில் படியெடுக்க விட்டு, குழாய்க்குக் குழாய் மாற்றிக்கொண்டே போனார். 74 மாற்றங்களுக்குப் பிறகு பார்த்தால் அது நீளத்தில் 83 சதவீதத்தைக் கழற்றி எறிந்திருந்தது. சீக்கிரம் படியெடு என்பது மட்டுமே நிபந்தனை என்றால் மூட்டை முடிச்சு எதற்கு? மூலக்கூறின் பரிணாமத்தைக் கண்ணால் பார்த்தது அங்கேதான். ஆனால் படியெடுத்த நொதி உயிருள்ள செல்லிலிருந்து வந்தது. அங்கேயும் ரேகை. ஆர்.என்.ஏ.வே நொதியாகவும் வேலை செய்யும் என்று செக்கும் ஆல்ட்மனும் 1980களின் தொடக்கத்தில் காட்டி 1989இல் நோபல் பெற்ற பிறகுதான் இந்தப் பள்ளிக்குத் தெம்பு வந்தது.

வளர்சிதைமாற்றப் பள்ளி இதற்கு எதிர்முனை: முதலில் அடுப்பு எரியட்டும், சமையல் குறிப்பு பிறகு எழுதலாம் என்பார்கள். இரும்பு சல்பைடுத் தாதுவின் பரப்பில் தொடங்கியது உயிர் என்று வாதிட்ட வாக்டர்ஷாய்சர், தொழிலால் முனிச்சின் காப்புரிமை வழக்கறிஞர். அட்லாண்டிக் அடியில் 2000இல் கண்டுபிடிக்கப்பட்ட 'தொலைந்த நகரம்' என்ற காரநீர் ஊற்றுகள், அத்தகைய இடங்களை முன்பே ஊகித்திருந்த மைக்கேல் ரசலின் பக்கத்தை வலுவாக்கின. இடம் அருமை, ஆனால் இவர்கள் சட்டியில் இதுவரை விளைந்திருப்பது கொஞ்சம்தான்.

கைத்திறனில் இன்று முதலிடம் வேதியியலர் ஜான் சதர்லாண்டுக்கு. ஆர்.என்.ஏ.வின் ஓர் எழுத்தை உருவாக்கச் சர்க்கரையைத் தனியே, நைட்ரஜன் காரத்தைத் தனியே செய்து இணைக்கப் பார்த்து முன்னோர் தோற்ற இடத்தில், இரண்டும் தனியே உருவாகத் தேவையில்லாத ஒரு குறுக்குவழியை 2009இல் அவர் குழு காட்டியது. ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் இரண்டு கிடைத்தன. படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ஆனாலும் சீசாவில் வாங்கிய பொருள்களை முறை தவறாமல் ஒவ்வொன்றாக ஊற்றிவிட்டுச் சாம்பார் தானாகக் கொதித்தது என்று சொல்லலாமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். அந்த ஊற்றும் வேலையை மழையும் வெயிலும் ஓடையும் செய்திருக்கும் என்று நிலவியலிலிருந்து காட்டுவது பின்னர் அந்தக் குழுவுக்கே பெரிய வேலையாகிவிட்டது.

மில்லர் 2007இல் காலமானார். அவருடைய பழைய அட்டைப்பெட்டிகளில் 1950களின் மிச்சங்கள் உலர்ந்த குப்பிகளாகக் கிடந்தன. மாணவர் ஜெஃப்ரி பாடாவும் சகாக்களும் நவீனக் கருவியில் ஏற்றியபோது, எரிமலை வாயைப் போல நீராவி பீய்ச்சும்படி மில்லர் அமைத்திருந்த ஒரு சோதனையில் மட்டும் 22 அமினோ அமிலங்கள் தெரிந்தன. அவற்றில் பல, தாளும் நின்ஹைட்ரினும் வைத்திருந்தவர் கண்ணுக்கு எட்டாதவை.

2021இல் ஒரு குழு மில்லரின் முதல் சோதனையை மூன்று விதமாகச் செய்தது: போரோசிலிகேட் கண்ணாடிக் குடுவையில், டெஃப்லான் குடுவையில், கண்ணாடித் துண்டுகள் போட்ட டெஃப்லான் குடுவையில். வெறும் டெஃப்லானில் விளைச்சல் மிகவும் குறைந்தது. துண்டுகள் போட்டதும் கூடியது. அமோனியா கலந்த காரநீர் கண்ணாடியை மெல்ல அரித்துச் சிலிக்காவைக் கரைத்திருக்கிறது. அது வினைக்குத் துணைபோயிருக்கிறது. கைபடாமல் காத்ததாக எல்லோரும் நம்பிய குடுவையே கை வைத்திருந்தது. மில்லர் பள்ளிக்கு இது அவமானம் என்று எதிர்த்தரப்பு மகிழ்வதற்குள் பதிலும் வந்துவிட்டது: ஆதி பூமியில் சிலிக்காவுக்கா பஞ்சம்? கடல் கிடந்த சட்டியே பாறைதானே!