கருவியும் கண்ணும்: திரைப்படப் பட்டப்படிப்பு குறித்த ஒரு திறனாய்வு

திருச்சிராப்பள்ளியில் காட்சித் தொடர்பியல் பயிலும் இறுதியாண்டு மாணவர்கள், தம் பட்டப்படிப்பின் நிறைவுக்கெனத் தயாரித்த ஐந்து குறும்படங்களை அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் அடுத்தடுத்துக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பெற்றோர் பலர் வந்திருந்தனர். நமக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்திருந்த தாய் ஒருவர், மகனுக்குக் கேமரா வாங்கித் தருவதற்காகத் தம் வளையல்கள் இரண்டையும் அடகு வைத்ததைப் பேச்சினூடே சொன்னார். படங்கள் முடிந்து விளக்குகள் எரிந்தபோது நம் பக்கம் திரும்பி, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் படிப்பு எம் புள்ளைக்குச் சோறு போடுமாங்க?” என்று கேட்டார். நாம் ஏதோ பொதுப்படையாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டோம். அந்தக் கேள்விக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்கு படங்களும் ஒரு படமும்

ஐந்தில் நான்கு படங்கள் ஒரே விதமாகத் தொடங்கின. ட்ரோன் ஒன்று மலைக்கோட்டையைச் சுற்றி வருகிறது, காவிரியைக் கடக்கிறது, ஸ்ரீரங்கத்து இராசகோபுரத்தின் உச்சியில் போய் நிற்கிறது. 1987-இல் குடமுழுக்குக் கண்ட 236 அடி உயரக் கோபுரம் அது. மனிதன் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதற்கென்றே எழுப்பப்பட்டது. அதை மேலிருந்து காட்டும்போது அதன் உயரமே காணாமற்போய்விடுகிறது என்பதை அம்மாணவர்களில் ஒருவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிறகு கதை தொடங்குகிறது. காதல் தோல்வி ஒன்று, கொலை இரண்டு, போதையின் கேடு ஒன்று. ஒளியமைப்பில் குறையில்லை, வண்ணச் சீரமைப்போ பெரிய படங்களுக்கு நிகராக இருந்தது. ஆனால் அப்படங்களில் வரும் மனிதர் ஒருவருக்கும் தொழில் என்று ஒன்றில்லை. அவர்கள் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள், மாலையில் எங்கிருந்து வீடு திரும்புகிறார்கள் என்பது தெரியவில்லை. 1-ஆம் எண் பேருந்தில் நசுங்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் போகிறவர்கள், காந்தி சந்தையில் விடியுமுன் மூட்டை இறக்குகிறவர்கள், அம்மா மண்டபப் படித்துறையில் தந்தைக்கு நீர்க்கடன் செலுத்திவிட்டு ஈரவேட்டியோடு நிற்கிறவர்கள் எல்லாரும் ட்ரோனுக்குக் கீழே புள்ளிகளாகக் கடந்துபோனார்கள். ஊரின் பெயர் இருந்தது, ஊர் இல்லை.

ஐந்தாவது படம் ஒன்பது நிமிடம் ஓடியது. பொன்மலை ரயில்வே பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்ற தந்தையைப் பற்றி மகன் எடுத்தது. பணிமனையின் இரைச்சலில் செவித்திறனை இழந்த அவர் வீட்டில் எப்போதும் உரக்கப் பேசுகிறார். அக்கம்பக்கத்தார் அவரைச் சண்டைக்காரர் என்று நினைக்கிறார்கள். ஓரிடத்தில் கேமரா தந்தையின் முகத்தை நெருங்குகிறது. அந்த நொடியில் ஒலி முழுவதும் நின்றுவிடுகிறது. தாயின் உதடுகள் அசைகின்றன; நமக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அரங்கில் அதுவரை கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்படத்தில் குவியம் இரண்டு மூன்று இடங்களில் தவறியிருந்தது. சமையலறைக் காட்சியில் வெளிச்சம் போதவில்லை. ஆயினும் ஐந்தில் அதுவே திரைப்படம் என்னும் பெயருக்கு உரியது என்பது நம் துணிபு.

காரணம் எளியது. ஒலியை நிறுத்தலாம் என்பதை அந்த மாணவருக்கு வகுப்பறை கற்றுத் தந்தது. எங்கே, எதற்காக நிறுத்த வேண்டும் என்பதை வீடு கற்றுத் தந்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் அந்தக் காட்சி பிறந்திராது. திரைப்படக் கல்வியைப் பற்றி நாம் சொல்லவிருப்பதன் சாரம் இதுதான்.

பட்டம் இல்லாத நாள்கள்

இந்தக் கலை நம் மண்ணில் பட்டத்தோடு தொடங்கவில்லை. 1905-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வே ஊழியராக இருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட். ஊர் ஊராகச் சலனப்படம் காட்டி வந்த துய்பான் என்னும் பிரெஞ்சுக்காரர் இங்கே நோயுற்றுப் பயணத்தைத் தொடர இயலாமற் போனபோது, அவரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வின்சென்ட் விலைக்கு வாங்கினார். அவற்றுள் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் மௌனப் படமும் ஒன்று. வேலையை விட்டுவிட்டு, கூடாரமும் கருவியுமாகத் தென்னாட்டைக் கடந்து வடக்கே பெஷாவர்வரை சென்றார். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார். தென்னாட்டில் சினிமா பரவிய கதையின் முதல் அதிகாரத்தில் நம் நகரின் பெயர் இருக்கிறது என்பதை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்?

கல்விக்கூடங்கள் பின்னர் வந்தன. சென்னை அடையாற்றுத் திரைப்படக் கல்லூரியின் தொடக்கம் 1945. புனேயில் பழைய பிரபாத் படப்பிடிப்பு நிலைய வளாகத்தில் தேசியத் திரைப்படக் கல்லூரி எழுந்தது 1960. நெடுங்காலம் பட்டயம் மட்டுமே வழங்கிவந்த சென்னைக் கல்லூரி, இன்று நான்காண்டு இளங்கலைப் பட்டம் வழங்குகிறது. கலை அறிவியல் கல்லூரிகளிலோ காட்சித் தொடர்பியல் மூன்றாண்டுப் பட்டமாகப் பரவிவிட்டது.

பட்டம் வேண்டாம், உதவி இயக்குநராகச் சேர்ந்து தொழில் பழகினாற் போதும் என்பார் உளர். புட்டண்ணா கனகலிடம் பாரதிராஜாவும், பாரதிராஜாவிடம் பாக்கியராஜும் பழகியது அவ்வழியில்தான். ஆயின் அந்த வழியில் ஊதியமின்றிக் கழியும் ஆண்டுகளைத் தாங்கும் வசதி எல்லாக் குடும்பத்துக்கும் இல்லை. கதவைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். மதிப்பெண்ணை வைத்து நுழையக்கூடிய கல்லூரி, அவ்வகையில் ஏழைப் பிள்ளைக்கு நேர்மையான வாசல். தோழமையையும் அது தருகிறது. அடையாற்றுத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் ஒன்றுகூடி உருவாக்கிய ‘ஊமை விழிகள்’ 1986-இல் பெற்ற வெற்றி, கூடிப் பயின்றவர்களின் வெற்றி.

1939-இல் பிறந்த இருவர்

படிப்பும் பட்டறிவும் எவ்வாறு இணைய வேண்டும் என்பதற்கு, 1939-ஆம் ஆண்டில் கடலின் இரு கரைகளிலும் பிறந்த இருவரை எடுத்துக்காட்டலாம். ஒருவர் மட்டக்களப்புக்கு அருகே அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. பள்ளி நாள்களிலேயே ஆசிரியர் ஒருவரின் தூண்டுதலால் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ போன்ற படங்களைக் கண்டவர். பின்னர் புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969-இல் தேறியவர். மற்றவர் இளையான்குடியில் பிறந்து, அலெக்சாண்டர் என்னும் இயற்பெயரைக் கொண்ட மகேந்திரன். திரைப்படக் கல்லூரி எதிலும் பயிலாதவர். இதழியலிலும் கதைவசனத்திலும் தோய்ந்து, ‘தங்கப்பதக்கம்’ போன்ற படங்களின் வசனத்தால் பெயர் பெற்றவர்.

இவ்விருவரும் 1978-இல் ‘முள்ளும் மலரும்’ படத்தில் இணைந்தனர். உமாசந்திரனின் நாவலைத் தழுவிய அப்படமே மகேந்திரன் இயக்கிய முதற்படம். ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. ஒரு கையை இழந்து வீடு திரும்பும் அண்ணனைத் தங்கை காணும் இடத்தையும், ஊரே பார்த்திருக்க அவள் அண்ணனை நோக்கித் திரும்பி ஓடிவரும் இறுதிக் காட்சியையும் நினைத்துப் பாருங்கள். வசனத்தால் வாழ்ந்தவர் அங்கே வசனத்தைச் சுருக்குகிறார். சொல்ல வேண்டியதை முகமும் மலைச்சரிவின் வெளிச்சமும் சொல்லிவிடும் என்ற நம்பிக்கையாலேயே அவருக்கு அத்துணிவு வந்திருக்க வேண்டும். ஒளியை முறையாகக் கற்ற ஒருவர் பக்கத்தில் நின்றார். கற்றவருக்கோ, காட்டுவதற்குத் தகுந்த மனிதர்கள் கிடைத்தார்கள். பொன்மலை மாணவரின் ஒன்பது நிமிடப் படத்தில் சிறு அளவில் நிகழ்ந்ததும் இதுவே.

ஸ்ரீரங்கத்துப் பாடம்

நம் மாணவர்களின் பைகளில் தவறாமல் காணப்படும் நூல் ஒன்றுண்டு. சுஜாதா எழுதிய ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’ என்பதே அது. பாட்டியின் அரவணைப்பில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, நம் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே எழுதியவர் அவர். ‘ரோஜா’ முதலிய படங்களுக்கு வசனம் எழுதிய பட்டறிவோடு, திரைக்கதையின் இலக்கணத்தை எளிய தமிழில் சொன்ன அந்நூலின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒன்று சொல்வோம். அந்நூலை மட்டும் படித்துவிட்டு, அவருடைய ‘ஸ்ரீரங்கத்துத் தேவதைகள்’ தொகுப்பைப் படிக்காத மாணவர், இலக்கணத்தைப் படித்து மொழியை விட்டவராவார். அக்கதைகளில் கோபுரம் பின்னணியில்தான் நிற்கிறது. முன்னே வருவோர் வீதிச் சிறுவர்கள், கிரிக்கெட் மட்டையைக் கடன் வாங்குகிறவர்கள், மணமாகாத அக்காமார்கள், கடனாளிகள். நூறு அடி நடந்து, பத்து நாள் திண்ணையில் உட்கார்ந்து பழகினாலொழிய வாய்க்காத பார்வை அது. எந்தப் பாடத்திட்டத்திலும் அதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால் பாடத்திட்டம் அதற்கு இடம் விடலாம்.

மாணவர் சொன்ன மறுப்பு

அன்று மாலை ட்ரோன் படத்தை எடுத்த மாணவர் ஒருவரிடம் இவற்றுள் சிலவற்றைச் சொன்னோம். அவர் பணிவோடு கேட்டுவிட்டு, “ஐயா, வேலை குடுக்கிறவங்க எங்க படத்துல முதல் ஒரு நிமிஷந்தான் பார்க்கிறாங்க. அந்த ஒரு நிமிஷத்துல ட்ரோன் ஓட்டத் தெரியும், கலர் பண்ணத் தெரியும்னு காட்டணும். எங்க அப்பாவைக் காட்டினா யார் கூப்பிடுவாங்க?” என்றார். நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. திருமணப் படப்பிடிப்பும் விளம்பரமும் தொலைக்காட்சியுமே பெரும்பாலோர்க்குச் சோறு போடுகின்றன. அவை கேட்பது கைத்திறனை. அதை இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. படச்சுருளைக் கையால் வெட்டி ஒட்டப் பழகியவரின் திறமை, கணினி வந்தபோது பயனற்றுப்போனது. இன்று ட்ரோன் ஓட்டுகிறவரின் திறமைக்கும் அந்நாள் வரும். மூன்றாண்டுகளைக் கருவிக்கே கொடுத்துவிட்டவர் அன்று வெறுங்கையோடு நிற்பார். மனிதரைக் கூர்ந்து பார்க்கவும், பிறர் சொல்லும் குறையைப் பொறுமையாகக் கேட்கவும் பழகியவர், புதிய கருவியைச் சில மாதங்களில் பழகிக்கொள்வார். ஆதலால் பார்வைப் பயிற்சி என்பது சோற்றுக்கு அப்பாற்பட்ட ஆடம்பரமன்று. நெடுங்காலச் சோறு அதிலேதான் இருக்கிறது.

நம் கடமை

1936-இல் பதினோராம் பத்திநாதரின் சுற்றுமடல் திரைப்படத்தைக் குறித்து விழிப்பாயிருக்க நம்மை அழைத்தது. 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையோ ஒரு படி மேலே சென்று, திரைப்படத்துறையினர்க்கு முழுமையான பயிற்சி தரும் கல்விக்கூடங்கள் வேண்டும் என்றது. திரைப்பட நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 சிறந்த படங்களின் பட்டியலில் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ இடம்பெற்றது. சுவரொட்டி ஒட்டும் வேலைக்காகத் தன் மிதிவண்டியைத் தேடி மகனோடு தெருத்தெருவாய் அலையும் ஓர் ஏழையின் கதை அது. அதில் வானத்திலிருந்து எடுத்த காட்சியின் பகட்டு எதுவும் இல்லை.

கல்விக்கூடங்கள் வந்துவிட்டன. அவற்றிடம் நாம் கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிப்பனவல்ல. முதலாண்டில் ஒரு பருவமேனும் மாணவர் கேமராவின்றி ஒரே தெருவுக்குத் திரும்பத் திரும்பச் சென்று, கண்டதை எழுதி வரட்டும். வாரம் ஒரு நல்ல படத்தை ஆசிரியரும் மாணவரும் கூடிப் பார்த்து விவாதிக்கட்டும். இறுதியாண்டுப் படங்களைத் தேர்வாளர் மட்டுமன்றி, அப்படங்களில் வரும் தெருவினரும் பார்க்கட்டும். பங்கு மன்றங்கள் ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு இடம் தரலாம். பொதுநிலையினராகிய நாம் போய் அமர்ந்து, நல்லதை நல்லது என்றும் அல்லதை அல்லது என்றும் சொல்லலாம். கைதட்டிவிட்டுக் கலைந்துபோவது அன்பாகாது.

வளையலை அடகு வைத்த அந்தத் தாய்க்கு இப்போது இவ்வாறு சொல்வோம்: “அம்மா, பட்டம் மட்டுமே சோறு போடாது. உங்கள் பிள்ளை இந்த மூன்றாண்டில் எந்தக் கருவியைப் பழகினான் என்று கேட்பதோடு, யாரைப் பார்த்தான் என்றும் கேளுங்கள். நீங்கள் வளையலைக் கழற்றிய அந்த நாளை அவன் பார்த்தானா என்று கேளுங்கள். பார்த்திருந்தால், அவன் எடுக்க வேண்டிய அடுத்த படம் வீட்டிலேயே இருக்கிறது.”