இலை பதித்த தட்டு

'இயற்கையின் தூண்டுதலில் பிறந்தவை' என்று மட்பாண்டக் கண்காட்சிகளில் அட்டை எழுதி வைக்கிறார்கள். ஈர மண்ணில் நிஜ இலையை அழுத்தி, நரம்புத் தடம் எடுத்து, பச்சை கிளேஸ் பூசிச் சுட்ட தட்டுகள். நம் கவிதைகளில் பறவை வருகிற மாதிரிதான் இவற்றில் இலை வருகிறது. வந்துவிட்டதே போதும் என்ற தோரணையில்.

புதுச்சேரியில் 1971-ல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக்கூடத்தை இந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது. டெபோரா ஜப்பானில் பிஸென் மரபில் பயின்றவர். கிளேஸ் இல்லாமல், விறகுச் சூளையில் நாட்கணக்காகச் சுடுவது பிஸென் வழி. சாம்பல் பறந்து பாண்டத்தின் தோளில் படிகிறது. 1200 டிகிரிக்கு மேல் அது மண்ணின் சிலிக்காவோடு உருகிக் கண்ணாடியாகிறது. அந்தத் தடத்தை யாரும் வரையவில்லை. சூளையில் பாண்டத்தை எங்கே வைப்பது என்பதோடு குயவரின் அதிகாரம் முடிகிறது. மரத்தைப் பார்த்து வரைவது ஒன்று. மரமே எரிந்து பாண்டத்தின் தோலாவது முற்றிலும் வேறான காரியம். புதுவைக்காரர்கள் அன்றாடத் தட்டும் கோப்பையும் செய்தே பெயர் வாங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களிடம் பயின்றவர்கள் இன்று இந்தியா முழுக்க இருக்கிறார்கள். அத்தனை பேரும் சாம்பலைப் புரிந்துகொண்டார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

ஆலங்குளத்துக்குக் கிழக்கே, திருநெல்வேலியையும் தாண்டினால் ஆதிச்சநல்லூர். 2004-ல் தொடங்கிய அகழ்வில் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் ஒட்டுவேலையாக ஒரு பெண், நெற்கதிர், கொக்கு, மான், முதலை. இடம் புதைகாடு, வாங்க வருகிறவனை நினைத்து ஒட்டியதாக இருக்க முடியாது. முதலையைப் பாருங்கள். தாமிரபரணியில் இறங்குகிறவன் பயந்த முதலை அது. இலைத் தட்டில் இந்தப் பயம் கிடையாது.

காருகுறிச்சிப் பானையில் கொக்கும் இல்லை, சாம்பல் கண்ணாடியும் இல்லை. நாட்டுச் சூளையில் அவ்வளவு சூடு ஏறாது. மண் கல்லாக இறுகாததால் நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாகிறது, உள்ளே தண்ணீர் குளிர்கிறது. இதில் வெயிலும் காற்றும் தூண்டுதலாக இல்லாமல் நேரடியாக வேலை செய்கின்றன. பார்க்க ஒன்றும் இல்லாததால் விமர்சகனும் ஒன்றும் எழுதுவதில்லை. (வங்கியில் கடன் மனுக்களைப் பார்க்கிறவன் நான். 'தொழில்' என்ற கட்டத்தில் 'குயவர்' என்று எழுதினால் ஒரு பார்வை, 'கலைஞர்' என்று எழுதினால் வேறு பார்வை. சக்கரம் ஒன்றுதான்.)

எனக்குத் தெரிந்த கவிஞர்கள் இரண்டு மூன்று பேர் வீட்டுச் சுவரில் இலைத் தட்டு மாட்டியிருக்கிறார்கள். குடிக்கத் தண்ணீர் ஃபிரிட்ஜிலிருந்து வருகிறது.