கற்பழிப்பு என்னும் சொல்

இலத்தீனில் 'ஸ்துப்ரும்' என்றொரு சொல் உண்டு. இழிவு, மானக்கேடு என்பது அதன் பழம்பொருள். பின்னர் அது கன்னியிடமோ கைம்பெண்ணிடமோ சிறுவனிடமோ முறைதவறி ஒழுகுவதைக் குறித்தது. அவர் இசைந்தாரா, வலிந்து ஆளப்பட்டாரா என்பதை அச்சொல் காட்டாது; வலிமையால் நிகழ்ந்ததெனின் அதனைத் தனியே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் வழிவந்த இத்தாலிய 'ஸ்தூப்ரோ'வும் போர்த்துக்கீசிய 'எஸ்துப்ரு'வும் இன்று வன்செயலையே குறிக்கின்றன. ஸ்பானிய 'எஸ்துப்ரோ'வோ இளையாளை வஞ்சித்துக் கூடும் குற்றத்துக்குச் சட்டப் பெயராயிருந்தது. ஆங்கில 'ரேப்' வேறு அடியினது. பறித்தல் என்னும் இலத்தீன் வினையில் பிறந்தது.

சொல்லிலிருந்த இழிவு சட்டத்திலும் தங்கியது. இத்தாலியில் 1996 வரை இக்குற்றம் பொது ஒழுக்கத்துக்கு எதிரானதாகவே வகுக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டுச் சட்டமே அதனை ஆளுக்கு எதிரான குற்றமாக்கிற்று.

தமிழர் இது கண்டு நகைக்க இடமில்லை. 'கற்பழிப்பு' கற்பை அழித்தல் என விரியும் இரண்டாம் வேற்றுமைத்தொகை. அதில் வன்முறை இல்லை. துன்புற்ற பெண்ணும் இல்லை. அழிந்தது அவளது பண்பு என்கிறது சொல். கண்ணகியின் கற்பு மதுரையை எரித்த ஆற்றல். அத்தகையதைக் கயவன் ஒருவன் அழித்துவிட்டான் என எழுதுவது எவ்வாறு பொருந்தும்? 410இல் உரோமை சூறையாடப்பட்டபின் 'கடவுளின் நகரம்' எழுதிய அகஸ்தீனார், மனம் இசையாதவளின் கற்பு பிறர் செயலால் கெடாது என அன்றே வாதிட்டார்.

மலாயின் 'ரோகோல்' என்ற சொல்லில் கற்பு என்ற பேச்சே இல்லை. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவும் கற்பை ஆராயவில்லை. பெண்ணின் விருப்பையும் இசைவையுமே கேட்கிறது. திரிங்காப் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி ஒரே செய்தியை மலாயில் படித்தால் ஒருவன் செய்த குற்றத்தைக் காண்பாள். 'கற்பழிப்பு' எனத் தமிழில் படித்தால் ஒருத்திக்கு வந்த கேட்டைக் காண்பாள்.

'பலாத்காரம்' வடசொல்லே. எனினும் வலிமையால் செய்தல் எனப் பொருள்படுவதால், நம் தமிழ்ச்சொல்லினும் நேர்மையானது. தனித்தமிழ் அன்பர் பொறுத்தருள்க. இன்று பரவியுள்ள 'பாலியல் வன்கொடுமை' நல்ல சொல்தான். ஆயினும் தகாத தொடுகை முதல் அனைத்தையும் ஒன்றாக அடக்கிவிடுகிறது. 'வன்புணர்ச்சி' திட்டமானது. புணர்ச்சி என்பது அகத்திணையில் இருவர் மனமொத்த இன்பத்தின் பெயராயிற்றே என மறுப்பாருளர். மறுப்பில் வலுவுண்டு, ஆனால் 'வன்' என்னும் அடை அவ்வொப்புதலை மறுத்தே நிற்கிறது. 'அவள் கற்பழிக்கப்பட்டாள்' என்னுந் தொடரில் எழுவாய் அவள், செய்தவன் மறைந்துபோகிறான். 'அவன் அவளை வன்புணர்ந்தான்' என எழுதினால் எழுவாய் அவனே.