பிள்ளைக்குச் சரி, பெரியவருக்கு?

திண்டுக்கல் கோட்டை மாரியம்மனுக்கு மாசித் திருவிழா நடக்கும் பருவத்தில்தான் சின்னம்மையும் தெருத்தெருவாக நடமாடும். நிலைப்படியில் வேப்பிலை செருகியிருந்தால் அக்கம்பக்கத்தார் எதுவும் கேட்பதில்லை. "ஆத்தா வந்திருக்கா" என்று புரிந்துகொண்டு வாசலோடு திரும்பிவிடுவார்கள். பிரியாணிக்குப் பேர்போன ஊரில் அந்த வீட்டில் மட்டும் தாளிப்பு வாசம்கூட எழாது. இளநீர், மோர், கம்பங்கூழ்தான். மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை நாளாகப் பார்த்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஊற்றுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் இதே நோய் கொப்புளிப்பான். மூத்தவர்களுக்கு அம்மாள் வருத்தம். அங்கும் வேப்பிலை உண்டு, மரக்கறிச் சாப்பாடு உண்டு. மட்டக்களப்பில் மாரியின் வேலையைப் பெரும்பாலும் கண்ணகி பார்க்கிறாள். ஆண்டு முழுதும் சாத்திக் கிடக்கும் கண்ணகி கோயில்கள் பல, வைகாசியில் திறந்து, வழக்குரை பாடி, குளிர்த்திச் சடங்கோடு மீண்டும் அடைபடும். சிங்களவருக்கு அவளே பத்தினி தெய்வம். பிள்ளை தேறியதும் ஏழு 'கிரி அம்மா'க்களை அழைத்து அன்னமிடுவது அவர்கள் வழக்கம்.

சாமி கும்பிடுவதில் இரு கரையும் ஒன்றுதான். பிரிவது அதற்குப் பிறகு. இலங்கையில் மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் கொப்புளிப்பானும் ஒன்று. தகவல் போனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருவார். திண்டுக்கல் பக்கத்து ஊர்களில், சுகாதார நிலையத்துக்குச் சேதி எட்டுமுன் பல நேரம் மூன்று தண்ணீரும் ஊற்றி முடிந்திருக்கும்.

நல்ல உடல்நிலையுள்ள பிள்ளைக்கு இதனால் பெரிய கெடுதலில்லை. அது தானே ஆறிவிடும். நகத்தை வெட்டி, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் கொடுத்தால் போதும். ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரெய் நோயில் கொண்டுபோய் விடலாம்.

பெரியவர் கதை வேறு. குளிர்நாடுகளில் தடுப்பூசி வருமுன் ஏறக்குறைய எல்லோருக்கும் சிறு வயதிலேயே அம்மை வந்துவிடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் வராமலே வளர்ந்தவர்கள் அதிகம். முப்பது வயதில் வரும்போது நுரையீரல் அழற்சி வரை போகலாம். கர்ப்பிணிக்கும் புகைபிடிப்பவருக்கும் ஆபத்து கூடுதல். அசைக்ளோவிர் மாத்திரை நன்றாக வேலை செய்ய, கொப்புளம் தோன்றிய 24 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மூன்றாம் நாள் தண்ணீருக்குக் காத்திருப்பவருக்கு அந்த வேளை கைநழுவிவிடுகிறது. வேப்பிலையைச் செருகிய கையோடு மருத்துவரிடம் போனால் ஆத்தா கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

நாள் கணக்கிலும் ஒரு சிக்கல். கொப்புளம் தெரிவதற்கு 1, 2 நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும். கடைசிக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை ஓயாது. முதல் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று கடை திறக்கப் போகிறவர் வாடிக்கையாளருக்கும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறார்.

ஜப்பானின் மிச்சியாக்கி தகஹாஷி 1970களில் உருவாக்கிய தடுப்பூசி, இரு நாட்டிலும் அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. தனியாரிடம் காசு கொடுத்து இரு தவணை போட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டபின், இதுவரை வராத மற்றவர்கள் 3 முதல் 5 நாளுக்குள் போட்டுக்கொண்டாலும் ஓரளவு காக்கும்.