ஆற்றுப்படையில் இசைவாணர் வாழ்வு

ஆற்றுப்படை நூல்களை இரவலர் பாட்டு என ஒதுக்குவாரும், வள்ளல்களின் புகழ்மாலை என்று மட்டும் கொள்வாரும் உளர். இவ்விரு கருத்தும் நூலின் உட்கிடையைத் தொடவில்லை என்பது எம் துணிபு. பரிசில் பெற்று மீள்வோன், பெறாது வருந்தும் தன்னொத்த கலைஞனுக்கு வழி கூறுதலே இத்துறை எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்தது. ஈண்டுக் கருதத்தக்கது, கூறுவோன் யாவன் என்பதே. அவன் மன்னனின் தூதன் அல்லன். தன் திறத்தைத் தானே விரித்துரைப்பவனும் அல்லன். அதே தொழிலால் வாழும் மற்றொருவன். ஒருவன் பெற்ற பேறு மற்றவனுக்கு இழப்பாகும் என்னும் எண்ணம் அவன் சொல்லில் யாண்டும் தலைகாட்டவில்லை.

பொருநராற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். 248 அடிகளால் ஆகிய அப்பாட்டில், விழாக் கழிந்த மறுநாளே வேற்றூர் புறப்படும் பொருநன் ஒருவனை முதற்கண் காண்கின்றோம். இசைத்தொழிலின் நிலையின்மையை முடத்தாமக்கண்ணியார் தொடக்க அடிகளிலேயே வைத்துவிட்டார். அடுத்து வருபவன் கரிகாலன் அல்லன். அப்பொருநனின் குழுவினர் ஏந்திய யாழே வருகின்றது. பத்தலும் போர்வைத் தோலும் நரம்பும் உறுப்புறுப்பாகக் காட்டப்பெறுகின்றன. ஆறலை கள்வரும் படைக்கலத்தை நழுவவிடும் பாலையிசை அதில் பிறக்கின்றது. வள்ளலின் கொடையைச் சொல்லுமுன் கலைஞனின் கருவியைச் சொல்லிய இம்முறைவைப்பு தற்செயலானது அன்று. தகுதி முன்னே நிற்க, பரிசில் அதன்பின் வருகின்றது. (ஊனை இரவும் பகலும் தின்று பல் தேய்ந்தது என்று பரிசில் பெற்று மீளும் பொருநன் கூறுமிடத்தில் புலவரின் நகைச்சுவையும் எட்டிப் பார்க்கின்றது.)

நகைக்கு இடமில்லாத பகுதி சிறுபாணாற்றுப்படையில் உளது. கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் குரைக்கும் அடுக்களை; உப்பின்றி வெந்த வேளைக்கீரை; பிறர் காணாவாறு கதவடைத்து உண்ணும் சுற்றம். வறுமையினும் அதனை மறைக்கும் நாணமே நத்தத்தனார் நெஞ்சைத் தைத்தது.

ஆயினும் இத்துறைக்கு ஒரு குறை உண்டு. அதனைக் கூறாது விடுதல் நடுநிலை ஆகாது. இந்நூல்களை இயற்றியோர் புலவர். பாணன் குரலை அவர்கள் ஏற்றுப் பேசினர். உணவும் வழியும் ஊரும் விரிந்த அளவுக்குக் கலை கற்கும் வழி விரியவில்லை. யாழை யார் யாருக்குப் பயிற்றினர்? 500 அடிகள் கொண்ட பெரும்பாணாற்றுப்படையிலும் இதற்கு விடையில்லை.

ஒரே இடத்தில் மட்டும் கதவு சற்றே திறக்கின்றது. மலைபடுகடாத்தில், கூத்தரின் கருவிகளை நிரல்படக் கூறிய பெருங்கௌசிகனார், நன்னனின் அவையோர் ஒழுக்கத்தையும் எடுத்தோதுகின்றார். நாவன்மை மிக்கோர் கூடிய அவ்வவையில், மாட்டாதார் வந்தாலும் அவர்தம் இயலாமையைப் புறத்தார் அறியாவாறு மறைத்து, சொல்லிக்காட்டி, சோர்வின்றி விளக்கி நடத்துவராம். 'வல்லார்' என்னும் சொல்லுக்கு ஈண்டு மாட்டாதார் என்றே பொருள் கொள்ளவேண்டும். திறமுடையார் எனக் கொள்ளின் மறைத்தற்கு ஒன்றும் இராது. பரிசில் அளிக்கும் அவையே பயிற்றும் அவையாகவும் நின்ற இக்காட்சியை ஆராய்ச்சியாளர் இன்னும் ஊன்றி நோக்குதல் வேண்டும். 583 அடிகளுள் நன்னனுக்கு இதனினும் உயர்ந்த புகழ் வேறில்லை என்பது எம் மதிப்பீடு.

புரப்போர் இருந்தும் பயிற்றுவோர் குன்றினால் விளைவது யாது என்பதற்குத் திருமுறைகண்ட புராணம் ஒரு சான்று தருகின்றது. தேவாரப் பாடல்கள் கிடைத்தபின் பண் வகுக்க வல்லார் இல்லாது போக, எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை நாடவேண்டியதாயிற்று என்பது அது. வரலாற்று உண்மை எவ்வளவாயினும், ஒரு பெருங்கலை ஒருத்தியிடம் வந்து ஒடுங்கிய செய்தியைப் புராணம் வியப்பாகக் கூறுகின்றது. யாமோ அதனை அச்சத்தோடு படிக்கின்றோம். யாழ் அவ்வாறும் எஞ்சவில்லை. 1947-இல் வெளிவந்த யாழ்நூலில் விபுலாநந்த அடிகள் அக்கருவியை ஏட்டிலிருந்தே மீட்டுருவாக்க நேர்ந்தது. பயிற்றும் மரபு அறுந்திருந்தது.

1943-இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் இசைவிழாவோடு நில்லாது, இசைக் கல்லூரியையும் பண்ணாராய்ச்சியையும் மேற்கொண்டது. விழா கழிந்த மறுநாள் பொருநன் எங்குச் செல்வான் என்னும் பழைய வினாவை அந்நிறுவனத்தார் மறவாது எதிர்கொண்டனர் எனலாம்.