கலகமும் கலவரமும்: 'த கிளாஷ்' குழுவின் முதல் இசைத்தட்டை முன்வைத்து

1977 ஏப்ரல் 8ஆந் திகதி இலண்டனில் வெளியான ஓர் இசைத்தட்டே இக்கட்டுரையின் பொருள். 14 பாடல்கள், அனைத்தையும் கேட்டு முடிக்க ஏறத்தாழ 35 நிமிடங்கள் போதும். இசைத்த குழுவுக்கும் தட்டுக்கும் ஒரே பெயர்: 'த கிளாஷ்'. மோதல் என்பது அதன் பொருள். தமிழ்ச் சங்க மலரொன்றில் ஆங்கில இளைஞர் நால்வரின் இரைச்சலுக்கு என்ன இடமெனக் கேட்போர் இருக்கலாம். அத்தட்டின் நான்காம் பாடலின் தலைப்பைத் தமிழாக்க முற்பட்டபோது ஒரு சொல் என்னை மறித்தது. அச்சொல்லை ஆராய்வது நமது மொழியையும் அண்மைக்கால வரலாற்றையும் ஆராய்வதாகவே முடிந்தது. இங்கு எழுதத் துணிந்தமைக்குக் காரணம் அதுவே.

'பங்க்' என்பது ஆங்கிலத்தில் ஒரு வசைச்சொல். உதவாக்கரை எனக் கொள்ளலாம். வசையாக வந்ததையே பெயராகச் சூடிக்கொண்ட இவ்விசைவகையில் காலத்தால் முந்தியவர்கள் கிளாஷ் குழுவினர் அல்லர். அமெரிக்காவின் றமோன்ஸ் குழு 1976 ஏப்ரலிலேயே தனது முதல் தட்டை வெளியிட்டுவிட்டது. பிரித்தானியாவிலும் 'த டாம்ட்' குழு 1977 பெப்ரவரியில் முந்திக்கொண்டது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் புகழ் இவர்களைவிடப் பெரிது. ஆயினும், சினத்தை வெறும் சினமாக விட்டுவிடாது, அது எங்கிருந்து வருகின்றது என வினவியவர்கள் இவர்களே என்பது என் துணிபு. பிஸ்டல்ஸ் குழுவினரின் பாடல்கள் எதிரியை ஏசுகின்றன. கிளாஷ் குழுவினரின் பாடல்களிலோ வீதியும் தொடர்மாடியும் தொழில் அலுவலகமும் தென்படுகின்றன.

பாடகர் ஜோ ஸ்ட்ரமர் 1952இல் துருக்கியின் அங்காராவில் பிறந்தவர். வெளிநாட்டுச் சேவை அலுவலர் ஒருவரின் மகன். விடுதிப் பாடசாலையில் கற்றவர். தொழிலாள வர்க்கத்தின் குரலாகத் தம்மைக் காட்டிக்கொண்டமைக்காக அவரை எள்ளியோர் உளர். கலைஞனின் பிறப்பை மட்டும் கொண்டு கலையை அளக்கும் அந்த விமர்சனம் நமக்கும் பழக்கமானதே; அதில் நீண்டநேரம் நிற்க வேண்டியதில்லை. கித்தார் இசைத்த மிக் ஜோன்ஸ், இலண்டனின் வெஸ்ட்வே மேம்பாலத்தைப் பார்த்தவாறு நிற்கும் தொடர்மாடி ஒன்றின் உயர்தளத்தில் தம் பாட்டியாரோடு வாழ்ந்தவர். போல் சிமொனன் குழுவிற் சேர்ந்த பின்னரே பாஸ் கித்தாரைக் கற்கலானார்; எந்தச் சுரம் எங்கே என்பதை நினைவிற் கொள்ள அதன் கழுத்திலேயே எழுத்துகளைத் தீட்டி வைத்திருந்தார். தாளவாத்தியத்தில் டெறி சைம்ஸ்.

சிமொனனின் கித்தாரில் தீட்டப்பட்ட எழுத்துகள் வெறும் வேடிக்கைச் செய்தியன்று. 1970களின் நடுப்பகுதியில் றொக் இசை பெருஞ்செல்வர் கலையாக மாறியிருந்தது. ஒரு பாடல் இருபது நிமிடம் நீளும். அதை இசைக்கப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். அதைப் பதிவுசெய்ய மாதக்கணக்காகக் கலையகம் வேண்டும். கிளாஷின் முதல் தட்டோ மூன்று வார இறுதிகளிற் பதிவாயிற்று. வித்துவம் இல்லாதவனும் மேடையேறலாம் என்ற துணிவே பங்க் இசையின் உருவம்; ஏறியவன் என்ன சொன்னான் என்பது உள்ளடக்கம். உருவம், உள்ளடக்கம் எனப் பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு, இவ்விரண்டும் பிரிக்கவொண்ணாது இறுகிநிற்பதற்கு இத்தட்டு நல்லதோர் உதாரணம். செம்மையாகப் பாடப்பட்டிருந்தால் இப்பாடல்கள் பொய்யாகியிருக்கும்.

தொழில் பற்றிய பாடல்களை முதலில் நோக்குவோம். 'கரியர் ஒப்பச்சுனிட்டீஸ்', அதாவது 'தொழில் வாய்ப்புகள்', வேலையில்லாத இளைஞனுக்குத் தொழில் அலுவலகம் நீட்டும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து எள்ளித் தள்ளுகிறது. கடிதக் குண்டுகள் பற்றிய அச்சம் நிலவிய அக்காலத்தில், அரச அலுவலகமொன்றிற் பணியாற்றிய ஜோன்ஸிடம் தபால்களைப் பிரிக்கும் வேலை ஒப்படைக்கப்பட்டிருந்தது. வெடித்தால் கடைநிலை ஊழியனோடு போகட்டும் என்ற அந்த ஏற்பாடும் பாடலில் இடம்பெற்றுள்ளது. 'ஃபோட்டியெய்ட் அவர்ஸ்' எனும் பாடலோ வார இறுதியின் 48 மணித்தியாலங்களைப் பற்றியது. திங்கட்கிழமை ஒரு தண்டனையாக அதில் நெருங்கி வருகிறது.

மலையகத்தவன் ஒருவன் இவற்றைக் கேட்கும்போது இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. தோட்டத்திற் பேர் பதிந்து வேலைக்குப் போன தலைமுறைகளுக்கு, நீட்டப்பட்ட தொழிலை வேண்டாமென்று சொல்லும் வாய்ப்பே இருந்ததில்லை. வேலையும் லயக் காம்பிராவும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தன. வேலையை மறுத்தால் கூரையும் போய்விடும். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பின் நாடே இல்லாதவர் ஆக்கப்பட்டோர் எங்கே போய் வேறு தொழில் கேட்பது? இலண்டன் இளைஞனின் மறுப்புக்குப் பின்னால் வேலையற்றோருக்கான அரச உதவிப்பணமேனும் இருந்தது. ஆகவே மறுப்பும் ஒருவகையில் வசதியே என்பது முதல் எண்ணம்.

இரண்டாவது எண்ணம் முதலாவதைத் திருத்துகிறது. ஸி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் புரட்டுவோர், அங்கே கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் நையாண்டிக்கு ஆளாவதைக் காண்பர். உடலால் மறுக்க முடியாதவர்கள் வாயால் மறுத்தார்கள். விடியுமுன் பிரட்டுக்கு எழுப்பிய அதே தப்பு, திருவிழா இரவிலும் சாவு வீட்டிலும் வேறொரு மொழி பேசியது. கலையகத்தின் மெருகேறாத குரல், மூன்று நான்கு அடிகளுக்குள் முடிந்துவிடும் கேலி, கூட்டமாகச் சேர்ந்து கத்தும் ஈற்றடி ஆகியன இரு மரபுக்கும் பொதுவானவை. ஒன்று மற்றொன்றிலிருந்து பெற்றது என்று கூற வரவில்லை. அடிபட்டவன் அடித்தவனைப் பாடும்போது நீட்டி முழக்க அவனுக்கு நேரமிருப்பதில்லை என்பது மட்டுமே என் கூற்று.

இனி, என்னை மறித்த சொல். நான்காம் பாடலின் பெயர் 'வைட் றயட்'. இதன் பின்னணி 1976 ஓகஸ்ட் 30ஆந் திகதி இலண்டன் நொட்டிங் ஹில் பகுதியில் நடந்த கார்னிவல் ஆகும். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பின மக்களின் களியாட்டவிழா அது. பெருந்தொகையான பொலிசார் அங்கே குவிக்கப்பட்டிருந்தனர். கைது ஒன்றைத் தொடர்ந்து மூண்ட மோதல் மாலைவரை நீடித்தது. நூற்றுக்கு மேற்பட்ட பொலிசார் காயமுற்றனர். ஸ்ட்ரமரும் சிமொனனும் அன்று அங்கிருந்தனர். கறுப்பின இளைஞர் தம்மை ஒடுக்குவோரை நேர்நின்று எதிர்ப்பதையும், வெள்ளை இளைஞர் சொன்னபடி நடந்து அடங்கிக் கிடப்பதையும் ஒப்பிட்டு, வெள்ளையருக்கும் அத்தகைய எழுச்சி வேண்டுமென்று அவர்கள் பாடினர். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாடல். தலைப்பை மட்டும் கேட்டவர்கள் இதனை இனவெறிப் பாடலெனப் பிழையாக விளங்கிக்கொண்டதும் உண்டு. தட்டின் பின்னட்டையில் அன்றைய மோதலின் நிழற்படம் ஒன்று அச்சிடப்பட்டுள்ளது. அதில் ஓடி வருபவர்கள் பொலிசார்.

'றயட்' என்பதற்கு நாம் எழுதும் சொல் கலவரம். 58 கலவரம், 77 கலவரம், 83 கலவரம் என்று ஆண்டுகளோடு சேர்த்தே அச்சொல்லை நாம் கற்றோம். இத்தட்டு வெளியான அதே ஆண்டில், ஜூலைத் தேர்தல் முடிந்து சில வாரங்களுள், இங்கும் ஒரு கார்னிவலில்தான் தொடங்கிற்று. ஓகஸ்ட் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துக் களியாட்டவிழா ஒன்றிற் பொலிசாருக்கும் பொதுமக்களுக்குமிடையே மூண்ட தகராறு, நகரின் சந்தை எரிவதிலும், பின்னர் நாடெங்குந் தமிழர் தாக்கப்படுவதிலும் போய் முடிந்தது. தேர்தலோடும் யாழ்ப்பாணத்துக் களியாட்டத்தோடும் எத்தொடர்புமற்ற தோட்டத் தொழிலாளரும் லயங்களிலிருந்து விரட்டப்பட்டு, அவர்களிற் பலர் வவுனியாப் பக்கம் சென்று குடியேறினர். இலண்டன் கார்னிவலிலிருந்து ஒரு பாடல் பிறந்தது. யாழ்ப்பாணக் கார்னிவலிலிருந்து ஒரு விசாரணைக்குழு அறிக்கை பிறந்தது.

வெகுதூரம் போவானேன்? ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்கு வரும் மகியங்கனை வீதி திகனப் பகுதியைக் கடந்தே வருகிறது. 2018 மார்ச்சில் அங்கும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது, பாடசாலைகள் மூடப்பட்டன, நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. அப்போது பள்ளி மாணவனாக இருந்த நான், சில நாட்களின் பின் பஸ்ஸின் யன்னலால் கண்ட கரிபிடித்த சுவர்களை மறக்கவில்லை. அதற்கும் பத்திரிகைகள் இட்ட பெயர் திகனக் கலவரம். அதே பஸ்ஸில், அதே வீதியில், ஆண்டுகள் பல கழிந்தபின் கைத்தொலைபேசியில் 'வைட் றயட்' கேட்டபோது, இந்தப் பாடகன் எதை வேண்டுமென்கிறான் என்று ஒரு கணம் திகைத்தேன்.

ஒடுக்கப்பட்டவன் அதிகாரத்தை நோக்கி எழுவது ஒன்று. பெரும்பான்மையோரிற் சிலர், தடுக்கவேண்டியவர் பார்த்து நிற்க, அயலவன் வீட்டுக்குத் தீயிடுவது முற்றிலும் வேறொன்று. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறது. தமிழிற் கலகம், கலவரம் என இரு சொற்கள் கைவசம் இருந்தும், நாமும் பெரும்பாலும் இரண்டையும் குழப்பியே ஆண்டு வந்துள்ளோம். 1915இல் முஸ்லிம்கள் தாக்கப்பட்டதைக் கலகம் என எழுதுவோரும் உளர். கலகம் என்றால் எழுந்தவன் யாரென்ற கேள்வி எழும். கலவரம் என்றாலோ செய்தவனும் பட்டவனும் ஒரே புகைக்குள் மறைந்துவிடுவர். மழையும் வெள்ளமும் போல் அது தானாக வந்ததாகத் தோன்றும். இனவன்முறை, இனப்படுகொலை எனப் பிற்காலத்தில் எழுதத் தலைப்பட்டோர் இந்தப் புகையை விலக்கவே முயன்றனர்.

'வைட் றயட்' கலகத்தை மட்டுமே அறிந்த பாடல் என்பதே அதன் வலிமையும் குறையும். வீதியில் இறங்குபவனின் களிப்பு அதில் உண்டு. கதவைத் தாழிட்டு உள்ளே இருப்பவனின் மூச்சு இல்லை. பிற்காலத்தில் ஜோன்ஸ் இதனை மேடையில் இசைக்க விரும்பவில்லை என்பது வியப்பன்று. மற்றுமொரு குறையையும் சுட்டவேண்டும். நொட்டிங் ஹில் மோதல் நிகழ்ந்த அதே ஓகஸ்ட் மாதத்தில், அதே நகரின் வடமேற்கே கிரன்விக் எனும் நிழற்படப் பதப்படுத்தல் ஆலையில் ஜயாபென் தேசாய் தலைமையில் ஆசியப் பெண்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். 1978 வரை நீடித்துத் தோல்வியில் முடிந்த போராட்டம் அது. சேலையும் மேற்சட்டையுமாக ஆலை வாயிலில் நின்ற அப்பெண்களுக்கு இத்தட்டில் இடமில்லை. கல்லெறிதல் பாடலாகிறது, காத்துநிற்றல் ஆவதில்லை. கொழுந்துப் பறிப்பவர்களின் வேலைநிறுத்தங்களை அறிந்தவர்க்கு இது உறுத்தவே செய்யும்.

ஆனால் தட்டைத் திருப்பிப் போடவேண்டும். இரண்டாம் பக்கத்தில் 'பொலிஸ் அண்ட் தீவ்ஸ்' வருகிறது. ஜமெய்க்காவின் ஜூனியர் மர்வின், லீ பெரியின் தயாரிப்பில் 1976இற் பாடிய றெகே பாடல் இது. அவ்வாண்டுக் கோடையில் இலண்டன் கறுப்பின மக்களிடையே பெரிதும் ஒலித்தது. தட்டிலுள்ள ஏனைய பாடல்கள் ஓட, இது நடக்கிறது. ஆறு நிமிடம் நடக்கிறது. இரு கித்தார்களும் ஒன்றையொன்று விட்டுவிட்டு வெட்ட, இடையில் வெறுமை விழுகிறது. மர்வினின் குரல் மெலிந்து உயர்ந்தது, ஸ்ட்ரமருடையது கரடு. மூலத்தின் இனிமை இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். எனினும் பாடுபவன் இங்கே பொலிசும் அல்லன், திருடனும் அல்லன்; இருவரது ஆயுதங்களுக்குமிடையே அகப்பட்டு வீதியைப் பார்த்துக்கொண்டிருப்பவன். முதற் பக்கத்தில் வேண்டப்பட்டதன் விலை இரண்டாம் பக்கத்தில் தெரிகிறது. தட்டின் மிகச் சிறந்த பாடல் இதுவே என்பேன். கலவரத்தை அறிந்த இந்தப் பாடலை அவர்களாற் சொந்தமாக எழுத முடியவில்லை, கிங்ஸ்ரனிலிருந்து இரவல் வாங்க வேண்டியிருந்தது என்பதும் கவனத்துக்குரியது.

இக்குழுவினர் ஒரு லட்சம் பவுண் ஒப்பந்தத்தில் ஸி. பி. எஸ். எனும் பெருநிறுவனத்துக்கே தட்டை அளித்தனர் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. நியாயமான குற்றச்சாட்டுத்தான். ஆனால் 1978 ஏப்ரல் 30ஆந் திகதி விக்ரோறியாப் பூங்காவில் இனவாதத்துக்கெதிராகத் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் பாடியவர்களும் இவர்களே.

தமிழரோடு இவ்விசைக்கு ஒரு நேரடித் தொடர்பும் பின்னாளில் ஏற்பட்டது. எம். ஐ. ஏ. எனப் புகழ்பெற்ற மாயா அருட்பிரகாசம் 2005இல் வெளியிட்ட முதல் தொகுதிக்குத் தந்தையாரின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே சூட்டினார். அந்த அருளர் எழுதிய 'லங்கா ராணி' நாவல், 1977இல் கொழும்பிலிருந்து வடக்குக்கு அகதிகளை ஏற்றிச்சென்ற கப்பலைப் பற்றியது. மகளின் 'பேப்பர் பிளேன்ஸ்' எனும் 2007ஆம் ஆண்டுப் பாடலோ, கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசைத்துண்டின் மீதே கட்டப்பட்டது. 77இல் ஒரு பக்கம் பாடியவனும் மறுபக்கம் கப்பலேறியவனும் முப்பதாண்டு கழித்து ஒரு பாட்டிற் சந்தித்திருக்கிறார்கள். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

இக்கட்டுரைக்கெனப் பாடற் தலைப்புகள் அனைத்தையும் தமிழாக்கிப் பார்த்தேன். பெயர்ச்சொற்களாயுள்ள இரண்டை விட்டால், 'வெறுப்பும் போரும்', 'இலண்டன் எரிகிறது' எனப் பதினொன்று இலகுவில் அமைந்தன. நான்காவதற்கு 'வெள்ளைக் கலவரம்' என எழுதிப் பின் வெட்டிவிட்டேன். பின்னட்டைப் படத்தில் ஓடிவருவோர் பொலிசார் ஆகையால், இப்போதைக்கு 'வெள்ளைக் கலகம்' என்றே விட்டுள்ளேன். இதனினும் பொருத்தமான சொல்லை அறிந்தோர் சங்கத்தாருக்கு எழுதுவாராயின் நன்றியுடையேன்.